7ஆம் இடத்திலிருந்து கோப்பை, 19 புள்ளி முன்னிலையிலிருந்து வீழ்ச்சி: ஃபுட்ஸ்கிரே புல்டாக்ஸ் விவாத இழை

#1 மேற்குவாசி

ஃபுட்டி (ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து) பகுதியில் காலிங்வுட், ரிச்மண்ட் அணிகளின் பேச்சே ஓடிக்கொண்டிருக்கிறது. மெல்பர்ன் மேற்குப் புறத்து அணியான வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்கு (பழைய பெயர் ஃபுட்ஸ்கிரே) என்று ஓர் இழை இல்லை. ஆகவே இது.

கேள்வி ஒன்றுதான். கோச் லூக் பெவரிட்ஜ் 2016இல் ஏஎஃப்எல் (தேசிய லீக்) புள்ளிப் பட்டியலில் 7ஆம் இடத்தில் முடித்த அணியை வைத்துக் கோப்பை வாங்கினார். அதுவரை அந்த இடத்திலிருந்து யாரும் வாங்கியதில்லை. 2021இல் 5ஆம் இடத்திலிருந்து மறுபடி இறுதிக்குப் போனார். மூன்றாம் கால் பகுதியில் 19 புள்ளி முன்னிலை. ஆட்டம் முடிந்தபோது மெல்பர்ன் அணி 140, புல்டாக்ஸ் 66. கோச் அதே ஆள். பந்தைச் சுற்றிக் கூட்டம் சேர்த்து, கையால் தள்ளித் தள்ளி வெளியே எடுக்கும் ஆட்டமும் அதேதான். ஒரு முறை பலித்தது, மறுமுறை ஏன் கவிழ்ந்தது?

பெண்கள் அணி, ஃபுட்ஸ்கிரே விஎஃப்எல் அணி, ஊர்க் கிளப்புகள் பற்றியும் இங்கேயே பேசலாம். அம்பயரைத் திட்ட மட்டும் வருபவர்கள் வேறு இழை பார்க்கவும்.

#2 புதுவரவு

நுழைவுத் தேர்வு இல்லையே? ஒரு ஆட்டம் முழுதாகப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. 140க்கு 66 என்பது எப்படி வருகிறது? கையால் தள்ளுவது என்றால் எறிவதா?

#3 டிராப்பன்ட்_தாசன்

சுருக்கமாக. நான்கு கம்பம். நடு இரண்டுக்கும் இடையே 6.4 மீட்டர். அதற்குள் காலால் உதைத்துப் போனால் கோல், 6 புள்ளி. பக்கத்துக் கம்பத்துக்குள் போனாலோ, நடுக் கம்பத்தில் பட்டாலோ, கோல் கோட்டை வேறு விதமாகத் தாண்டினாலோ பிஹைண்ட், 1 புள்ளி. 21.14 என்று எழுதினால் 21 கோல், 14 பிஹைண்ட். 126 + 14 = 140. அடைப்புக்குறிக்குள் வரும் மூன்றாவது எண்தான் மொத்தம்.

ஒரு பக்கம் களத்தில் 18 பேர். ஒரு கால் பகுதி 20 நிமிடம், அதோடு நின்ற நேரம் சேரும், ஆகவே கிட்டத்தட்ட அரை மணி ஓடும். 15 மீட்டராவது உதைத்த பந்தைத் தரையில் படாமல் பிடித்தால் மார்க். பிடித்தவரை யாரும் தொடக்கூடாது, நின்று நிதானமாக உதைக்கலாம்.

எறிவது கூடவே கூடாது. ஹேண்ட்பால் என்பது ஒரு கையில் பந்தை வைத்து, மறு கையின் மூடிய முஷ்டியால் குத்தி அனுப்புவது. கட்டைவிரல் முஷ்டிக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே மடக்கினால் விரல் போய்விடும், சிறுவர் பயிற்சியில் முதலில் திருத்துவதே அதைத்தான். பந்தை ஏந்தும் கை அசையாமல் மேடை போல இருக்க வேண்டும். அந்தக் கையும் சேர்ந்து முன்னே வீசினால் பந்து கையை விட்டுப் போன பிறகுதான் முஷ்டி படும். அது எறிதல், எதிரணிக்கு ஃப்ரீ கிக்.

புல்டாக்ஸ் மேல் மற்ற ரசிகர்கள் வைக்கும் நிரந்தரக் குற்றச்சாட்டு இதுதான். நெருக்கத்தில், ஒரு விநாடிக்குள், இடுப்புக்குக் கீழே நடப்பதை அம்பயர் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறாரோ அந்தப் பக்கத்து உண்மைதான் தீர்ப்பு.

#4 பார்க்லி_முனை

2016 வழியை முதலில் நினைவுபடுத்துகிறேன், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது.

15 வெற்றி, 7 தோல்வி. பெரும்பாலான ஆண்டுகளில் இது முதல் நான்கு இடத்துக்குப் போதும், அந்த ஆண்டு 7ஆம் இடம்தான் கிடைத்தது. கேப்டன் பாப் மர்ஃபிக்கு 3ஆம் சுற்றிலேயே முழங்கால் தசைநார் அறுந்தது. மிச் வாலிஸுக்குப் பின்னால் கால் எலும்பு முறிந்தது. அந்த ஆண்டுதான் ஃபைனல்ஸுக்கு (லீக் முடிந்ததும் வரும் வெளியேற்றச் சுற்றுகள்) முன் ஒரு வார ஓய்வு என்ற ஏற்பாடு முதன்முறை வந்தது. காயத்தில் இருந்த டாம் லிபரட்டோரியும் ஜாக் மக்ரேயும் அந்த ஒரு வாரத்தால் திரும்பினார்கள்.

பிறகு பெர்த்தில் வெஸ்ட் கோஸ்டை 47 புள்ளியில், எம்சிஜியில் மூன்று முறை தொடர்ந்து கோப்பை வென்றிருந்த ஹாத்தார்னை 23 புள்ளியில், சிட்னி ஷோகிரவுண்டில் ஜிடபிள்யூஎஸ்ஸை (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) 6 புள்ளியில். அக்டோபர் 1 அன்று பட்டியலில் முதலிடத்தில் முடித்த சிட்னி ஸ்வான்ஸுடன் இறுதி. 13.11 (89) க்கு 10.7 (67).

முந்தைய கோப்பை 1954. இடையில் 62 ஆண்டு. இறுதிக்குப் போனதே 1961இல் ஒருமுறைதான், ஹாத்தார்னிடம் தோற்றது. அப்போது எட்டு அணி தேறிய ஃபைனல்ஸில் 7ஆம் இடத்துக்கு இரண்டாம் வாய்ப்பே கிடையாது. ஒன்று தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

#5 யாழ்_ரக்மேன்

மேற்குவாசி அண்ணா கேட்ட கேள்விக்கு என்ர பதில்: 6-6-6.

2019இலை வந்த விதி. மைய பவுன்ஸ் (கால் பகுதி தொடங்கேக்கையும் கோலுக்குப் பிறகும் நடுவிலை அம்பயர் பந்தைக் குத்தி எழுப்பினது) நடக்கேக்கை ஒவ்வொரு அணியும் தன்ர 50 மீட்டர் வளைவுக்குள்ளை ஆறு பேர், அங்காலை எதிர் வளைவுக்குள்ளை ஆறு பேர், நடுவிலை ஆறு பேர் எண்டு நிக்க வேணும். நடு ஆறிலை நாலு பேர் சதுரத்துக்குள்ளை, ரெண்டு பேர் விங்கிலை. அப்ப, பிழையா நிண்டால் முதல் தரம் எச்சரிக்கை, அடுத்த தரம் ஃப்ரீ கிக்.

2016இலை இந்த விதி இல்லை. ரெண்டு கோல் விழுந்து ஆட்டம் கை நழுவுற மாதிரித் தெரிஞ்சால், ஒரு ஃபார்வர்டைப் பின்னுக்கு அனுப்பி உபரித் தடுப்பாளனா நிப்பாட்டலாம். எதிரணி மையத்திலை பந்தை எடுத்தாலும் உதைக்கிற இடத்திலை உங்கடை ஆள் ஒருத்தர் கூட. ரத்தப் போக்கை நிப்பாட்டக் கட்டுப் போட்ட மாதிரி.

2021இலை அந்தக் கட்டுப் போட ஏலாது. 160 மீட்டர் நீள ஓவல் எண்டு வையுங்கோ, மையத்திலை இருந்து 50 மீட்டர் வளைவுக்கு 30 மீட்டர்தான். ரக் (பவுன்ஸ் பந்தைப் பாய்ஞ்சு தட்டுற உயரமான ஆள்) தட்டி, ஒருத்தன் எடுத்து, ஒரே ஒரு உதை. உள்ளை ஆறுக்கு ஆறு. மெல்பர்னிலை ரக் மாக்ஸ் கான், மாற்று லூக் ஜாக்சன், கீழை பெட்ராக்காவும் கிளேட்டன் ஆலிவரும். மூண்டாம் கால் கடைசியிலை கோல், திரும்ப மையம், திரும்பக் கோல் எண்டு அடுக்கடுக்காப் போச்சுது. கூட்டம் சேர முதலே பந்து அங்காலை போயிட்டுது. கூட்டம் சேர்ந்தால்தானே புல்டாக்ஸ் ஆட்டம்?

#6 சிட்னி_சிவப்பு

அம்பயரைப் பேசக்கூடாதாம். 2016 இறுதியில் ஃப்ரீ கிக் எண்ணிக்கை 20க்கு 8. இருபது உங்களுக்கு, எட்டு எங்களுக்கு. இதைச் சொல்லாமல் அந்த ஆட்டத்தைப் பேசுவது உப்பில்லாமல் சோறு பொங்குவது. எங்கள் டான் ஹானபெரியின் முழங்காலில் உங்கள் ஈஸ்டன் வுட் சரிந்து வந்து மோதினார், அதற்கும் விசில் இல்லை.

#7 மேற்குவாசி

எண்ணிக்கை சரி, மறுக்கவில்லை. ஹானபெரி விஷயத்தில் எனக்கும் வாதாட ஒன்றும் இல்லை, காலுக்குக் கீழே சரிந்து மோதினால் ஃப்ரீ என்பது விதி.

ஆனால் 20க்கு 8 என்பது தானாகவே அநியாயத்துக்குச் சான்று ஆகாது. தரையில் கிடக்கும் பந்துக்கு முதலில் குனிபவனுக்குத்தான் ஃப்ரீ கிக் அதிகம் வரும். பின்னால் வருபவன் தோளுக்கு மேல் பிடித்தால் ஹை டேக்கிள், முதுகில் தள்ளினால் புஷ். லிபரட்டோரி, பிக்கன், மக்ரே எல்லாரும் அப்படிக் குனிந்து எடுக்கும் ரகம். இந்த வகை அணிக்கு எண்ணிக்கை சாயத்தான் செய்யும். பன்னிரண்டு வித்தியாசம் வரை சாயுமா என்றால், அது அதிகம்தான்.

முடிவை உறுதி செய்த கோல் விசிலில் வரவில்லை. கடைசிக் கால் பகுதியில் நம் டேல் மோரிஸ் சிட்னியின் லான்ஸ் ஃபிராங்க்ளினைப் பின்னால் இருந்து டேக்கிள் செய்து பந்தைப் பிதுக்கினார். முதுகெலும்பில் முறிவோடு ஆடிக்கொண்டிருந்த மனிதர். சிதறிய பந்து டாம் பாய்டிடம் போனது. மையச் சதுரத்துக்குள் இருந்து அவர் உதைத்தது தரையில் குதித்துக் குதித்து ஆளில்லாத கோலுக்குள் போனது. ஏன் ஆளில்லை? ஃபிராங்க்ளின் பந்தோடு திரும்பியதும் சிட்னி மொத்தமும் தாக்குதலுக்கு முன்னேறிவிட்டது. பின்னால் காவல் இல்லை. அதுதான் டேக்கிளின் விலை: பந்தைப் பறிப்பதோடு எதிரணி தப்பான பக்கம் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் பறிப்பது.

#8 டிராப்பன்ட்_தாசன்

பாய்ட் பற்றி ஒரு வரி. 2014 சீசன் முடிந்ததும் கேப்டன் ரயன் கிரிஃபன் ஜிடபிள்யூஎஸ்ஸுக்குப் போக வேண்டும் என்றார், கோச் பிரெண்டன் மெக்கார்ட்னி விலகினார், ஆடம் கூனி எஸ்ஸெண்டன் போனார். கிளப் சிரிப்பாய்ச் சிரித்த மாதம் அது. கிரிஃபனோடு டிராஃப்டின் (கிளப்புகள் வரிசைப்படி இளம் ஆட்டக்காரர்களைத் தேர்வது) 6ஆம் பிக்கையும் (தேர்வு உரிமை) கொடுத்து, ஒன்பதே ஆட்டம் ஆடியிருந்த பாய்டை ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கினார்கள். பைத்தியக்காரத்தனம் என்று எழுதாத பத்திரிகை இல்லை. இரண்டே ஆண்டில் இறுதி ஆட்டத்தில் மூன்று கோல்.

#9 பார்க்லி_முனை

யாழ்_ரக்மேன் சொன்னது பாதிதான் சரி என்பது என் கருத்து. 6-6-6 இரு பக்கத்துக்கும் ஒரே விதி. அதே ஆட்டத்தில் நம் பொன்டம்பெல்லி மூன்று கோல் போட்டு முன்னிலை வாங்கித் தந்தபோதும் அந்த விதி இருந்ததே?

பயணத்தையும் பார்க்க வேண்டும். 2021 ஃபைனல்ஸ் கொரோனா காலம். புல்டாக்ஸ் லான்செஸ்டனில் எஸ்ஸெண்டனை, பிரிஸ்பேனில் ஒரே புள்ளி வெற்றி, அடிலெய்டில் போர்ட் அணியை 71 புள்ளியில், பிறகு பெர்த். நான்கு வாரத்தில் நான்கு மாநிலம், ஓர் ஆட்டம்கூட விக்டோரியாவில் இல்லை. அந்தப் பக்கம் மெல்பர்ன் முன்னதாகவே பெர்த்தில் அரையிறுதி ஆடிவிட்டு அங்கேயே காத்திருந்தது. கூட்டமாக ஓடி ஆடும் அணிக்கு முதலில் போவது கால்தான்.

#10 யாழ்_ரக்மேன்

விதி ஒண்டுதான், ஆனால் ஆருக்கு உதவும் எண்டது ரக்கிலை இருக்கு. புல்டாக்ஸ் ரக் டிம் இங்கிலிஷ் அப்ப இளந்தாரி. ஓடுவார், மார்க் எடுப்பார், கான் மாதிரி உடம்பாலை இடம் பிடிக்க மாட்டார். பவுன்ஸ் மேலை போகேக்கை ரெண்டு ரக்கும் பாய்ஞ்சு முட்டுற அந்த அரைச் செக்கனிலை, எதிராளியின்ர இடுப்புக்கு முன்னாலை முழங்காலைக் கொண்டு போறவருக்குத்தான் தட்டுற திசை கையிலை இருக்கும். தட்டை எங்கை விழுத்தப் போறார் எண்டு தன்ர ஆக்களுக்கு முன்னமே சொல்லி வைச்சிருப்பினம், மணிக்கூட்டு முள்ளை வைச்சு. "நாலு மணி" எண்டால் ரக்கின்ர வலப் பின்பக்கம். பெட்ராக்கா ஓடி வந்து நிக்காமலே எடுத்துக்கொண்டு போவார். 39 தரம் பந்து தொட்டு நோர்ம் ஸ்மித் பதக்கமும் (இறுதி ஆட்டத்தின்ர சிறந்த ஆளுக்கு) வாங்கினவர்.

களைப்பு உண்மைதான், அதை மறுக்கேலை. அதோடை இதையும் சேருங்கோ: 2016இலை ஆள் மாற்றம் ஒரு ஆட்டத்துக்கு 90 தரம். 2021இலை 75. பதினைஞ்சு தரம் குறைஞ்சால், ஓடுற அணிதான் முதலிலை மூச்சு வாங்கும்.

#11 மேற்குவாசி

75 வரம்பை நான் யோசிக்கவே இல்லை. நல்ல பிடி.

#12 பெண்கள்_ஃபுட்டி

ஆண்கள் அணியையே பேசி முடித்துவிடுவீர்கள் போல. இந்தக் கிளப்பின் இன்னொரு கோப்பை 2018 ஏஎஃப்எல்டபிள்யூ (பெண்கள் தேசிய லீக்). பிரிஸ்பேனை 4.3 (27) க்கு 3.3 (21) என்று, ஆறே புள்ளியில். மழையில், பிரின்சஸ் பார்க்கில்.

முதலில் அடிப்படை வித்தியாசம். களத்தில் 16 பேர், 18 இல்லை. பெஞ்சில் ஐந்து. பந்து 4ஆம் சைஸ், ஆண்களுக்கு 5. இரண்டு ஆள் குறைவதால் இடம் திறக்கும் என்பது கணக்கு. ஈரத்தில் அந்தக் கணக்கு எடுபடாது. ஈரப் பந்து மார்க்கில் நழுவும், ஹேண்ட்பால் ஏந்தும் கையிலேயே வழுக்கும். அப்போது ஒரே வழி: தரையில் கிடப்பதை எடுக்க முயலாமல் காலால் முன்னே தள்ளிக்கொண்டே போவது. பார்க்க அசிங்கமாக இருக்கும், பந்து மட்டும் கோல் பக்கம் நகரும். மொத்தமே ஏழு கோல் விழுந்த ஆட்டம் அப்படித்தான் நடந்தது. 18 வயது மோனிக் கான்டி சிறந்த ஆட்டக்காரர், அவர் கூடைப்பந்தும் ஆடிக்கொண்டிருந்தவர். குனியாமல் ஓடிக்கொண்டே கீழ்ப்பந்தை வாரும் வித்தையைப் பார்த்தால் அது தெரியும்.

கேப்டன் கேட்டி பிரென்னன் அன்று ஆடவில்லை, தடை. ஆண்கள் லீகில் அபராதத்தோடு போகக்கூடிய அளவுக் குற்றத்துக்குப் பெண்கள் லீகில் ஓர் ஆட்டத் தடை என்று விதி இருந்தது. அது இறுதி ஆட்டமாகப் போய்விட்டது. அவர் மனித உரிமை ஆணையம் வரை கொண்டுபோனார். எல்லி பிளாக்பர்ன் தலைமையில் ஆடி வென்றார்கள்.

லீக் 2017இல்தான் தொடங்கியது. ஆனால் இந்தக் கிளப்பின் பெண்கள் 2013இலேயே எம்சிஜியில் மெல்பர்ன் கிளப்புக்கு எதிராகக் காட்சி ஆட்டம் ஆடினார்கள். துணைத் தலைவராக இருந்த சூசன் ஆல்பெர்ட்டி அதற்குத் தோள் கொடுத்தவர்.

#13 புதுவரவு

விஎஃப்எல் அணி என்கிறீர்களே, அது இரண்டாம் அணியா? பெயர் மட்டும் ஏன் ஃபுட்ஸ்கிரே?

#14 பார்க்லி_முனை

ஆமாம், இரண்டாம் அணிதான். கிளப் பட்டியலில் சுமார் 44 பேர். வாரம் ஆடுவது அதில் பாதி. மீதிப் பேரில் காயம் இல்லாதவர்கள் விஎஃப்எல்லில் ஃபுட்ஸ்கிரே பெயரில் ஆடுவார்கள், குறையும் இடத்தை விஎஃப்எல் ஒப்பந்தக்காரர்கள் நிரப்புவார்கள். காயத்திலிருந்து திரும்புபவருக்கு "இரண்டு கால் பகுதி மட்டும்" என்று அளந்து கொடுப்பதும் இங்கேதான்.

2014க்கு முன் வில்லியம்ஸ்டவுன் கிளப்போடு கூட்டு. அதில் உள்ள சிக்கல், உங்கள் இளம் ஆட்டக்காரரை அங்கே வேறு கோச் வேறு இடத்தில் ஆட வைப்பார். பின்காவல் பழக வேண்டிய பையன் விங்கில் ஓடிக்கொண்டிருப்பான். 2014இல் தனி அணி ஆக்கினார்கள். அதே ஆண்டு விஎஃப்எல் கோப்பை. 2016இல் மறுபடி, பெரிய இறுதிக்கு ஆறே நாள் முன்னால். மேலே ஒருவர் விழுந்தால் கீழிருந்து வருபவருக்கு அதே சமிக்ஞை, அதே ஓட்டம் தெரிந்திருந்தது. 2016ஐப் பற்றி எழுதுபவர்கள் பெவரிட்ஜின் பேச்சாற்றலையே சொல்கிறார்கள், எனக்கென்னவோ பாதிப் பெருமை இந்த இரண்டாம் அணிக்குத்தான்.

பெயர் விவகாரம் பெரிய கதை. 1924 வரை விஎஃப்ஏ என்ற மற்ற லீகில் ஆடிய கிளப், 1925இல் ஹாத்தார்ன், நார்த் மெல்பர்னோடு அன்றைய விஎஃப்எல்லுக்கு (இன்றைய ஏஎஃப்எல்லின் பழைய பெயர், இப்போதைய விஎஃப்எல் வேறு) வந்தது. 1954 கோப்பை ஃபுட்ஸ்கிரே பெயரில்தான், சார்லி சட்டன் கேப்டனும் கோச்சும், ஜாக் காலின்ஸ் ஏழு கோல். 1989 அக்டோபரில் கடன் தாங்காமல் ஃபிட்ஸ்ராயோடு இணைப்பு என்று அறிவித்துவிட்டார்கள். ஐரீன் சாட்ஃபீல்ட் என்ற ரசிகை பெயரில் நீதிமன்றம் போய்த் தடுத்தார்கள், வழக்கறிஞர் பீட்டர் கார்டன் முன்னின்றார். மூன்று வாரம் அவகாசம். உண்டியல் குலுக்கி, வீடு வீடாகக் கதவு தட்டி, பணத்தைத் திரட்டினார்கள். 1996 முடிவில் "வெஸ்டர்ன் புல்டாக்ஸ்" என்று பெயர் மாறியது. ஒரு பேட்டையின் கிளப் என்பதை விட மேற்கு முழுவதற்குமான கிளப் என்றால் உறுப்பினர் கூடும் என்ற கணக்கு. உண்டியலில் காசு போட்டவன் எந்தப் பெயரைக் காப்பாற்றப் போட்டானோ அந்தப் பெயர் ஏழே ஆண்டில் போனது. அந்தக் கசப்பு முழுதாக ஆறவில்லை. விஎஃப்எல் அணிக்கு ஃபுட்ஸ்கிரே என்று வைத்தது அதற்குப் போட்ட களிம்பு.

#15 டிராப்பன்ட்_தாசன்

பெயர் மாறியது சரியான முடிவு. டார்னீட், ட்ரூகனீனா, பாயின்ட் குக் என்று வீடு முளைக்கும் இடமெல்லாம் ஃபுட்ஸ்கிரேயிலிருந்து இருபது கிலோமீட்டர் சுற்று. அங்கே குடியேறுபவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர். அவர்களிடம் ஃபுட்ஸ்கிரே என்றால் வியட்நாமியச் சந்தை நினைவு வரும், கிளப் வராது.

#16 பார்க்லி_முனை

காலிங்வுட்டும் ஒரு பேட்டைப் பெயர்தான். நாடு முழுக்க ரசிகர்கள் இருக்கிறார்கள். பெயரால் வந்த குறை இல்லை இது, காசால் வந்த குறை.

#17 மேற்குவாசி

இதில் உடன்பாடு வரப் போவதில்லை, விடுங்கள். குடும்ப விஷயத்துக்கு வருகிறேன்.

ஃபாதர்-சன் விதி: தந்தை அந்தக் கிளப்புக்கு 100 சீனியர் ஆட்டமாவது ஆடியிருந்தால் மகனை டிராஃப்டில் கோர முன்னுரிமை. சும்மா கிடைக்காது. மற்ற கிளப் அவனை எந்த எண்ணில் கேட்கிறதோ அந்த எண்ணுக்கான புள்ளி மதிப்பைத் தன் மற்றப் பிக்குகளால் கட்ட வேண்டும். நகையை மீட்க அடகுக்கடையில் வட்டியோடு எண்ணிக் கொடுப்பது மாதிரி. இந்தக் கிளப் இதில் கெட்டிக்காரக் கிளப். 2010இல் டாம் லிபரட்டோரி, மிச் வாலிஸ் இருவரும் இந்த வழி. லாக்கி ஹண்டர், ஸெய்ன் கார்டி, ரைலி வெஸ்ட், 2021இல் சாம் டார்சி, 2023இல் ஜோர்டன் கிராஃப்ட். லிபரட்டோரியின் அப்பா டோனி 163 சென்டிமீட்டர்தான், 1990 பிரவுன்லோ பதக்கம் (ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கு). லூக் டார்சி மகன் சாம் இரண்டு மீட்டருக்கு மேல். ஒரே விதி, இரண்டு அளவு உடம்பு.

அப்பா ஆடாத பிள்ளைகளுக்கு நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமி. பழங்குடிப் பிள்ளைகள், குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கான வழி அது. 2020 டிராஃப்டின் முதல் பிக் ஜமாரா உகல்-ஹேகன் அப்படி வந்தவர். தென் சூடான் குடும்பத்து புக்கு காமிஸும் அப்படித்தான். குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய வாசல். தகுதி வரையறை மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே பிள்ளையின் ஊர்க் கிளப்பில் அந்த ஆண்டு நிலவரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

#18 யாழ்_ரக்மேன்

ஊர்க் கிளப் எண்டதும் சொல்ல வேணும், மேற்கிலை வெஸ்டர்ன் ரீஜன் ஃபுட்போல் லீக் இருக்கு. 1931இலை ஃபுட்ஸ்கிரே டிஸ்ட்ரிக்ட் லீக் எண்டு தொடங்கினது. புல்டாக்ஸின்ர பெரிய ஆள் டெட் விட்டன் பிரேபுரூக் ஊர்க் கிளப் ஆள். 321 ஆட்டம், "மிஸ்டர் ஃபுட்போல்" எண்டு பேர், கிளப்பின்ர மைதானம் வெஸ்டர்ன் ஓவலுக்கே 1995இலை அவற்றை பேர்தான் வைச்சவை. டக் ஹாக்கின்ஸும் பிரேபுரூக். பெரிய கிளப் வானத்திலை இருந்து விழேல்லை.

ஊர்க் கிளப்பிலை பிள்ளையைச் சேர்த்தால் நீங்களும் சேர்ந்த கணக்குத்தான். ஒரு ஆட்டத்துக்கு கோல் அம்பயர், பவுண்டரி, டைம்கீப்பர், ரன்னர், தண்ணிக்காரர், முதலுதவிக்கு ட்ரெயினர், டீம் மனேஜர் எல்லாம் பெற்றார்தான். பிழை வாறது பெரும்பாலும் ஸ்கோரிலை. கோல் அம்பயர் ஒவ்வொரு பக்கமும் தன்ர அட்டையிலை கோடு போடுவார். கால் பகுதி முடிய ரெண்டு பேரும் நடுவிலை சந்திச்சு ஒப்பிட வேணும். அதை விட்டிட்டுத் தோடம்பழம் சாப்பிடப் போனால், கடைசியிலை ஒரு பிஹைண்ட் வித்தியாசத்திலை சண்டை. ஆள் குறைஞ்சால் விதிப்படி 14 பேருக்குக் கீழை ஆடேலாது.

#19 பெண்கள்_ஃபுட்டி

தலையடி பற்றி யாரும் எழுதவில்லை. மூளை அதிர்ச்சி என்று முடிவானால் ஏஎஃப்எல்லில் குறைந்தது 12 நாள் கழித்துத்தான் ஆடலாம், ஆகவே அடுத்த வாரம் கிடையாது. "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று பிள்ளை சொல்வதை ஆதாரமாக எடுக்காதீர்கள். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு இன்னும் நீண்ட ஓய்வு வேண்டும். வாய்க்காப்பு பல்லுக்கு, தலைக்கு அல்ல. மெத்துத் தொப்பி கீறலைத் தடுக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. இரண்டையும் குழப்பிக்கொண்டு தைரியமாக அனுப்புகிறவர்கள் நிறைய.

பெரியவர்கள் பக்கம் சொன்னால், கிளப்பின் கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் நடத்தும் "சன்ஸ் ஆஃப் தி வெஸ்ட்", "டாட்டர்ஸ் ஆஃப் தி வெஸ்ட்" நல்ல ஏற்பாடு. இலவசம், வாரம் ஒருநாள் என்று சில வாரம், உடற்பயிற்சி பாதி, சர்க்கரை, ரத்த அழுத்தம், மனநலம் பற்றிப் பேச்சு பாதி. ஃபுட்டி தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

#20 புதுவரவு

பந்து வாங்கியாயிற்று. உரிக்காத தேங்காய் போல இருக்கிறது. உதைத்தால் சக்கரம் போலச் சுற்றாமல் பக்கவாட்டில் தள்ளாடிப் போகிறது. எங்கே தப்பு?

#21 டிராப்பன்ட்_தாசன்

பத்துக்கு ஒன்பது முறை காலில் இல்லை, கையில். பந்தைச் செங்குத்தாக, தையல் கயிறு முன்னே பார்க்க, இரு பக்கமும் விரல் விரித்துப் பிடியுங்கள். வலக்காலால் உதைப்பவர் வலது கையால் இறக்க வேண்டும், இடது கை முதலில் விலகிவிடும். எறியக்கூடாது, இறக்க வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து கால் வரும் இடத்துக்கு மிகக் குறைந்த தூரம். நெஞ்சு உயரத்திலிருந்து விட்டால் விழும் வழியில் பந்து சாய்ந்துவிடும், காற்று இருந்தால் இன்னும் மோசம். விட்டன் ஓவலில் காற்றைப் பழகியவர்கள் பந்தைத் தாழ்வாக இறக்குவதைக் கவனித்துப் பாருங்கள்.

கால் விரலை நீட்டி விறைப்பாக்கி, ஷூ கயிறு கட்டும் மேல்பகுதியில் பந்தின் கீழ் முனை பட வேண்டும். பட்டால் பின்னோக்கிச் சுழலும். சுழன்றால்தான் நேராகப் போகும். பின்னால் சாயாதீர்கள், உதைத்த பிறகும் இலக்கை நோக்கி இரண்டு அடி நடங்கள்.

முதலில் ஓட்டம் வேண்டாம். நின்ற இடத்திலிருந்து பத்து மீட்டர், எதிரே நிற்பவர் நெஞ்சுக்கு, ஐம்பது முறை. தள்ளாட்டம் நின்ற பிறகு தூரத்தைக் கூட்டுங்கள். பந்தில் காற்று 62 முதல் 76 கிலோபாஸ்கல், கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். தோல் பந்து என்றால் மழையில் நனைந்த பிறகு ஹீட்டர் பக்கம் வைக்காதீர்கள், தோல் விறைத்துத் தையல் விடும். துணியால் துடைத்து நிழலில் போட்டாலே போதும்.

#22 புதுவரவு

கயிறு என்னைப் பார்த்தபடி பிடித்திருந்தேன், நெஞ்சு உயரத்திலிருந்து விட்டேன். இரண்டையும் மாற்றியதும் பத்தில் ஆறு நேராகப் போகிறது. இடக்கால்?

#23 டிராப்பன்ட்_தாசன்

இடக்காலுக்கு இடக்கை. மற்றதெல்லாம் அதேதான். ஐந்து மீட்டரிலிருந்து தொடங்குங்கள்.